சம்பந்தியம்மாள் உட்கார்ந்து பார்த்த சீட்டு

பினாங்கில் கப்பலேறி ஒரு வாரம் வங்காள விரிகுடாவில் உருண்டு கிடந்தபோது எனக்கு எந்த உபாதையும் வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று வேளையும் வாந்தி எடுத்தார். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். அப்படிப்பட்ட உடம்பைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆவடி போய்ச் சேருவதற்குள் ஒரு கார் சீட்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. இந்தியாவுக்குப் போய் வந்து எழுதுகிறவர்கள் கோயில் கோபுரத்திலிருந்து தொடங்குவார்கள். நான் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பயணத்தில் நான் அதிகம் அனுபவித்தது அதைத்தான்.

கார் என் தங்கை பார்வதியின் கணவர் தங்கராசுவுடையது. அவர் ஆவடியில் ராணுவத்துக்குக் கனரக வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். கார் இங்கிலாந்தில் பிறந்தது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தபோது அது நல்ல காராகத்தான் இருந்திருக்கும். பிறகு ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு மளிகைக்கடைக்காரர் என்று கைமாறி, ஆளாளுக்குத் தங்கள் பாரத்தை அதன்மேல் இறக்கி வைத்த பிறகு தங்கராசுவிடம் வந்திருக்கிறது.

பின்சீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே இறங்கினேன் என்பதே சரி. முழங்கால் மூக்கருகே வந்து நின்றது. மேலே ஒரு சாக்கு, அதற்குக் கீழே பழைய போர்வை, அதற்கும் கீழே நாலைந்து செய்தித்தாள். இத்தனையையும் துளைத்துக்கொண்டு ஒரு ஸ்பிரிங் கம்பி என்னைத் தேடி வந்தது. ஈப்போவில் இந்தப் பயணத்துக்கென்றே தைத்த கால்சட்டை முதல் பள்ளத்தில் கிழிந்தது.

“மச்சான், கொஞ்சம் எடது பக்கமா நகந்து உக்காருங்க. அங்க ஸ்பிரிங் இல்ல” என்றார் தங்கராசு, ஸ்டீயரிங்கிலிருந்து திரும்பாமலே.

அது உண்மைதான். இடது பக்கம் ஸ்பிரிங் இல்லை. பலகை இருந்தது.

நான் ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். பதினெட்டு வருஷமாக வகைவகையான சீட்டுகளோடு புழங்கியவன். எங்கள் கம்பெனியில் மூங்கில் கூடையும் கோழியுமாக ஏறுகிறவர்கள் உட்காரும் கடைசி வரிசை சீட்டுகூட இதற்கு ராஜா சிம்மாசனம். இதைத் தங்கராசுவிடம் சொன்னேன். அவர் “அப்படியா மச்சான்” என்றார். அவருக்குக் காது கேட்பது எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் அன்று சாயங்காலம் பார்வதி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அந்தக் குழம்புக்காக இன்னொரு தரம் கப்பலேறலாம். ஆனால் பரிமாறியவள் முகத்தில் சிரிப்பில்லை. என்னவென்று கேட்டேன். சொன்னாள்.

அவள் மகள் செல்விக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை நூம்பலில் புருஷன் வீட்டில் வளைகாப்பு. தாய்மாமன் என்ற முறையில் நான் கடல் தாண்டி வந்ததே அதற்குத்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஆவடியில் ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம். நூம்பலில் சுற்றிலும் வயல்தான், ராத்திரி பகல் எந்த நேரத்துக்கும் ஒரு மருத்துவச்சி மட்டும் உண்டு.

“அனுப்ப மாட்டேங்கறாங்கண்ணே” என்றாள் பார்வதி. “போன தீபாவளிக்கு இந்தக் காருலதான் அவள அழைச்சிட்டு வந்தோம். அப்ப நாலு மாசம். வந்த மறுநாளே கலைஞ்சி போச்சி. காரு குலுக்கின குலுக்கல்லதான் போச்சின்னு சம்பந்தியம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. டாக்டரம்மா அப்படியில்லன்னு சொன்னாங்க. யாரு கேக்கறாங்க?”

சம்பந்தியம்மாள் கன்னியம்மா இப்போது ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை முதலில் தான் அந்தக் காரில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வருவாளாம். தன் உடம்பு குலுங்காவிட்டால் பெண் ஆவடிக்கு. குலுங்கினால் பிரசவம் நூம்பலில்.

“டாக்சி வெச்சிக்கலாமே” என்றேன்.

தங்கராசு சாப்பிடுவதை நிறுத்தினார். “ஊட்டுல கார் நிக்குது மச்சான். டாக்சில போனா, ஆமா எங்க கார்லதான் போச்சின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சீட்ட நான் சரி பண்றேன்.”

செவ்வாய்க்கிழமை அவர் லீவு போட்டுச் சீட்டைக் கழற்றி வாசலில் வைத்தார். குஷன் கடைக்குக் கொண்டுபோனால் பழைய அளவிலேயே புது ஸ்பிரிங் போட்டு, தேங்காய் நார் திணித்து, மேலே ரெக்ஸின் தைத்துத் தருவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான். ஆவடியில் அப்படியில்லை. இந்தக் குடியிருப்பில் வசிக்கும் மனிதர்கள் பகலெல்லாம் குண்டு விழுந்தாலும் அசையாத வண்டிகளைச் செய்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக் கம்பம் ரயில் பாலத்தையே தாங்கும். எதிர்வீட்டில் கோழிக்கூட்டை ஆங்கிள் கம்பியில் வெல்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு கோழி. கோடிவீட்டில் குழந்தைக்கு நடைவண்டி செய்திருக்கிறார்கள். அதைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சீட்டைச் சுற்றி ஒரு மாநாடு கூடியது. தங்கராசு நோட்டில் படம் வரைந்தார். ஸ்பிரிங் கம்பியின் தடிமனை எழுதினார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போடலாம் என்றார்கள். யாரும் சீட்டு என்பது மனிதர் உட்காருவதற்கு என்று சொல்லவில்லை. பின்வரிசையில் குடியிருக்கும் பஞ்சாபிக்காரர் ஒருவர் பழைய ஸ்பிரிங்கை விரலால் அழுத்திவிட்டு இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார்.

“இன்னா சொல்றார்?” என்றேன்.

“எல்லையில அஞ்சு வருஷம் பாறை மேலயே உக்காந்திருந்தாராம். இடுப்பு கல்லு மாதிரி ஆயிடுச்சாம். சீட்டுன்னா கெட்டியா இருக்கணுங்கறார்” என்று தமிழில் சொன்னார் தங்கராசு. அந்தப் பேச்சில் பாதி தங்கராசுவின் சொந்தச் சரக்கு என்று எனக்குச் சந்தேகம்.

எல்லோரும் போனபின், எதற்கு இத்தனை தடிமன் என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே, “இந்தத் தடவ அமுங்கக் கூடாது மச்சான். செல்வி உக்காந்தா அமுங்கவே கூடாது” என்றார். அமுங்காத சீட்டுக்கு ஒரு கருங்கல் போதுமே என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை சீட்டைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் கிளம்பினோம். காரின் பாட்டரி சார்ஜுக்குப் போயிருந்ததால் ரயிலில். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினோம். உட்கார இடமில்லாத கூட்டத்தில் தரையில் ஒரு சீட்டு கிடந்தால் என்ன ஆகும்? கீரைக்கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் கூடையை இறக்கிவிட்டு அதில் தாராளமாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள்.

“ஐயே! இன்னாத்த இட்டுகினு வந்துகீறீங்க, உள்ள முள்ளம்பன்னி கீதா?”

பெட்டியே சிரித்தது. ஒரு மில் தொழிலாளி, “ஆயா, அது தொரைங்க குந்தற சீட்டு. நமக்கு ஒத்துக்காது” என்றார். அடுத்த ஸ்டேஷனில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் சீட்டுக்கும் லக்கேஜ் சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்றார். நானும் உங்கள் தொழில்தான் ஐயா என்று மலேசியப் பெருமையோடு அறிமுகப்படுத்திக்கொண்டேன். அப்படியானால் உங்களுக்கு விதி தெரிந்திருக்குமே என்று அபராதம் போட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அம்பத்தூரில் ஒரு மாட்டுவண்டி பிடித்து எஸ்டேட் என்று அவர்கள் சொல்லும் தொழிற்பேட்டைக்குப் போனோம். தங்கராசுவுக்குத் தெரிந்த பட்டறையில் அவர் படத்தைப் பார்த்துச் சுற்றிக்கொடுத்த ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுக் கனத்துக்கு இருந்தன. அவற்றை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மண்ணூர்பேட்டையில் குஷன் கடை வைத்திருக்கும் ஏழுமலையிடம் சேர்ந்தோம். இந்தப் பயணத்தில் நான் சந்தித்த ஒரே புத்திசாலி அவர். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டிருந்தவர், மூட்டையைப் பிரித்துப் பார்த்ததும் ஆணியைத் துப்பிவிட்டார்.

“இன்னா நைனா இது? காருக்கா, கல்லு லாரிக்கா?”

“காருக்குத்தான். சேஃப்டிக்குக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்” என்றார் தங்கராசு.

“அண்ணாத்தே, மன்சன் குந்தனா ஸ்பிரிங்கு கொஞ்சம் கீய எறங்கி ஏறணும். இது எறங்காது. குந்தனவனத்தான் ஏத்தும்.”

“நான் சொல்றத செய்யிப்பா. இரும்பு எனக்குத் தெரியும்.”

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். “நமக்கு இன்னா, நீ சொல்றே, நான் தெக்கிறேன்” என்று ஊசியை எடுத்தார். வேலையில் குறை வைக்கவில்லை. பச்சை ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளைக் குழாய்த் தையல், மூலைகள் நறுக்கென்று. பக்கத்து டீக்கடையில் நான் நாலு போண்டா தின்று முடிப்பதற்குள் ஒரு கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்து நிறுத்திவிட்டார். எங்கள் ஈப்போவில்கூட இப்படித் தைக்க ஆளில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அங்கே திரும்பியதும் மறுப்பேன்.

வியாழக்கிழமை வளையலும் பூவும் வாங்கப் பூந்தமல்லிக்குப் புதுச் சீட்டில் கிளம்பினோம். ஏறி உட்கார்ந்தபோது எதுவும் குத்தவில்லை, எதுவும் அமுங்கவில்லை. தங்கராசு கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். குடியிருப்பின் வாசலைத் தாண்டியதும் முதல் பள்ளம் வந்தது.

ஈப்போவிலிருந்து பினாங்குக்குப் போகும் எங்கள் பஸ்ஸிலும் பள்ளத்தில் தூக்கிப் போடும். ஆனால் போட்டதைத் திரும்ப அங்கேயே வாங்கிக்கொள்ளும். இந்தச் சீட்டு என்னைக் கூரைக்கு அனுப்பியது. தலை மோதிக் கீழே வந்தபோது சீட்டு மறுபடி என்னைச் சந்திக்க மேலே வந்துகொண்டிருந்தது. பார்வதி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றாள். ரோட்டோரத்தில் எருமை கழுவிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பின்சீட்டில் இரண்டு பேர் மாறி மாறி எழுவதும் மறைவதும் அவருக்கு என்னவாகத் தெரிந்ததோ.

திரும்பும்போதுதான் அது நடந்தது. பார்வதி மடியில் அட்டைப்பெட்டி, அதில் டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல். ஒரு பள்ளம். பெட்டி எழும்பி, நானும் எழும்பி, முதலில் பெட்டியும் பிறகு நானும் இறங்கினோம். நான் பெட்டியின்மேல் இறங்கினேன்.

வளைகாப்புக்கு வாங்கிய வளையல் உடைந்தால் அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பார்வதி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். “உங்க கால்ல உழறேன், இந்தக் காரு வேணாம்” என்றாள் புருஷனிடம். நானும் சேர்ந்துகொண்டேன். இந்தச் சீட்டு மோசம், இதற்குப் பழைய ஸ்பிரிங்கே தேவலை, இதை ஒப்புக்கொள்வதில் உமக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். இவ்வளவு பிடிவாதமான மனிதரை நான் டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களில்கூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னேன்.

“சீட்டுல ஒண்ணும் தப்பில்ல மச்சான். புதுசு. ரெண்டு நாள் உக்காந்தா பழகிடும்” என்றார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனாலும் அதையேதான் சொன்னார். எனக்கு அவரைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. இறங்கி, பஸ் பிடித்து, மறுபடி பூந்தமல்லி போய் வேறு வளையல் வாங்கி, பஸ்ஸிலேயே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நூம்பல். ஒரு தலைமுறைக்கு முன்பு அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் வீடுகள். இன்று வீட்டுக்கு ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். செல்வியின் புருஷனும் அன்று முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டான், வளைகாப்பில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று. செல்வி இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கி வந்தவை. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகையும் வாழையிலையில் விழுந்தன. நன்றாகச் சாப்பிட்டேன். தங்கராசு ஒரு வாய் சாப்பிடவில்லை.

இலை எடுத்ததும் கன்னியம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ரெக்ஸினைத் தட்டிப் பார்த்தாள்.

“சோக்காத்தான் கீது. பாக்கறதுக்கு” என்றாள். “ஓட்டு சம்பந்தி. வேலப்பன்சாவடி வரிக்கும் போய்ட்டு வருவோம். அண்ணே, நீயும் ஏறு.”

சாவடி வரை போகவில்லை. முதல் வாய்க்கால் மேட்டிலேயே கன்னியம்மாவின் கொண்டை கூரையில் மோதி அவிழ்ந்தது. இரண்டாவது மேட்டில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நிறுத்து” என்று ஒரு சத்தம். அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். பின்னால் கார் மெல்ல ஊர்ந்து வந்தது.

வாசலில் தெருவே கூடியிருந்தது. “இத்தப் பாருங்க எல்லாரும்” என்றாள் கன்னியம்மா. “போன வாட்டி ஒரு உசுர சாவடிச்சான் இந்தாளு. அத்தோட உடாம, இன்னொண்ணயும் சாவடிக்கறதுக்குன்னே புச்சா ஸ்பிரிங்கு போட்டுகினு வந்துகீறான். பொண்ணு எங்கியும் வராது. புள்ள இந்த ஊட்லதான் பொறக்கும்.”

பார்வதி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கராசு கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நான் என் பங்குக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். சம்பந்தியம்மாள் சொன்னதில் சீட்டைப் பற்றிய பகுதி எனக்கு உடன்பாடாக இருந்ததால் நின்றுகொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வளையல் சத்தம் கேட்டது. செல்வி நிலைப்படிக்கு வந்திருந்தாள்.

“அத்தே, அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள். “கார்ல ஒண்ணும் ஆவல. தீபாவளிக்கு மொத நாளு காலையிலயே வலி இருந்திச்சி. கொஞ்சம் ரத்தம் பட்டுது கூட. காரு அப்புறந்தான் வந்திச்சி. சொன்னா அனுப்ப மாட்டீங்கன்னு சொல்லல.”

“அப்புறம் ஏண்டி சொல்லல? போயி, கலைஞ்சி, வந்த பெறவு?” கன்னியம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

“எல்லாரும் காரத் திட்டிகினு இருந்தீங்க. நான் சொன்னா என்னத் திட்டுவீங்க. காருதானேன்னு சும்மா இருந்துட்டேன்.” அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகை அங்கே உடைந்தது. “அப்பாவத்தான் திட்டறீங்கன்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சிது. அப்பறம் சொல்ல பயமா இருந்திச்சி.”

கன்னியம்மா மருமகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடிப்பாளோ என்று எனக்குப் பயம். அவள் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

“தீபாவளிலேர்ந்து அந்த மன்சன வாயில போட்டு அரெச்சிகினு கீறேன். வாயத் தொறந்தியாடி நீ?” என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். “இன்னா பாத்துகினு நிக்கறீங்க? அந்த எயவெடுத்த சீட்டக் கயட்டி எறக்குங்க. போருலேர்ந்து வைக்கல் எடுத்தாங்க. உள்ள ரெண்டு மெத்த கீது, அத்தயும் எடுத்தாங்க. நானும் வரேன் ஆவடிக்கு. புள்ள பொறக்கற வரிக்கும் அங்கதான் கீறேன்.”

கழற்றினோம். சீட்டு நூம்பலிலேயே கன்னியம்மாவின் தொழுவத்தோரம் தங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி மெத்தை போட்டு, செல்வியைச் சாய்வாக உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமியார். நான் முன்னால் தங்கராசுவுக்குப் பக்கத்தில். வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிக்கொண்டு போனது. வாய்க்கால் மேடு வந்தபோது நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பின்னால் வைக்கோல் மட்டும் சரசரத்தது.

பூந்தமல்லி ரோட்டுக்கு வந்தபின் கன்னியம்மா பேசினாள். “சம்பந்தி, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்சுல வெச்சிக்காதே.”

தங்கராசு ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, “இல்லீங்க” என்றார். “சீட்டு மோசந்தாங்க. முன்ன இருந்ததும் மோசம். இப்ப நான் பண்ணது அதவிட மோசம்.”

இந்த ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து வரவழைக்க நான் நாலு நாளாக மல்லுக்கட்டியிருக்கிறேன். கேலி செய்தேன், திட்டினேன், அறையலாம் என்றுகூட நினைத்தேன். சீட்டு மோசம் என்று அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? சொன்னால், பேரப்பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று சொன்னதாகும். பதினெட்டு வருஷம் சீட்டு சீட்டாகப் பார்த்து நடந்தவனுக்கு, அதில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கத் தெரியவில்லை.

அவர் வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நாங்கள் நாலு பேரும் அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.